நிலோபர் என்று வைத்துக்கொள்வோம்

“ஊரு உலகத்துல ஒனக்கு வேற பேரே கெடைக்கலையா? எம் மக பேருதான் கெடைச்சுச்சா?”

“பாய் வீட்டம்மா, மொதல்ல உள்ள வாங்க. தெருவுல நின்னு பேசுற பேச்சா இது?”

“தெருவுலதான் பேசுவேன் தாயி. எம் மகளத் தெருவுல இழுத்து விட்டுட்டு, ஒம் மக மட்டும் காத்தாடிக்குக் கீழ உக்காந்திருக்கணுமா?”

பரளச்சியில் சண்முகவேலின் உரக்கடையும் வீடும் ஒரே கட்டிடம். முன்னால் கடை, பின்னால் வீடு. அதனால் அந்த வீட்டுச் சண்டை எதுவானாலும் கடைக்கு வந்து, அங்கிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். எதிர்வீட்டுக் கருத்தம்மாள் விளக்குமாற்றோடு வெளியே வந்தாள். காலையிலேயே கூட்டிய வாசலை மறுபடி கூட்ட அவளுக்கு அன்றைக்கு நல்ல காரணம் கிடைத்திருந்தது. உரம் வாங்க வந்த காளிராஜ் மூட்டையை வண்டியில் ஏற்றிக் கயிறும் கட்டிவிட்டார். ஆனால் வண்டியை எடுக்கவில்லை. கயிறு சரியில்லை போலிருக்கிறது, திரும்பத் திரும்ப அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

கத்திக்கொண்டிருந்தவள் அப்ரோஸ் பேகம். புருஷனை இழந்தவள், வீரசோழன்காரி, பஸ் மாறி வந்திருந்தாள். பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் சண்முகவேலின் மனைவி பொன்னுத்தாய். பதில் சொல்ல வேண்டியவளோ உள்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள்தான் மகள் சுகப்பிரியா.

சுகப்பிரியா சென்னையில் பிஎச்டி படிக்கிறாள் என்பது ஊருக்குத் தெரியும். எதைப் பற்றி என்பதில்தான் குழப்பம். ‘டேட்டா’ என்று அவள் சொன்னதும், போனுக்கு மாதாமாதம் போடுகிற டேட்டா என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்குச் சண்முகவேல் கடையில் உட்கார்ந்து விளக்குவார்: “நம்ம போனைத் தேய்க்கத் தேய்க்க எவனோ ஒரு மொதலாளி சம்பாதிக்கிறானாம். தேய்க்கிறதும் ஒரு வேலைதானாம். அந்த வேலைக்கு யாரு கூலி குடுக்கிறது, நம்ம தகவலு யாரு கையில இருக்கணும், அதான் ஆராய்ச்சி.” காளிராஜ் அதைக் கேட்டுவிட்டு, “அப்பிடின்னா எம் மகனுக்கு நாலு வருச அரியர்ஸு வரணும் அண்ணாச்சி” என்றார். கடையே சிரித்தது. சுகப்பிரியா சிரிக்கவில்லை. ஊர் தன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்பதில் அவளுக்கு ஒரு வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது என்பதை அவளே ஒத்துக்கொள்ள மாட்டாள்.

ஆராய்ச்சிக்கு ஆள் வேண்டுமே? வீரசோழனில் அவளுக்கு ஒரு தோழி இருந்தாள். சனோபர். அருப்புக்கோட்டை கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். சனோபரின் அத்தா அப்துல் கரீம் சவூதியிலிருந்து சிறுநீரகம் கெட்டுத் திரும்பி வந்து கட்டிலோடு கிடந்தார். சனோபர் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை செய்தாள். முதலில் வந்தது நல்ல வேலை. படத்தில் கார் எது, மாடு எது, மனுசன் எது என்று கட்டம் போட்டுக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளுமாம். பிறகு அந்த வேலை நின்று வேறொன்று வந்தது. உலகத்தில் உள்ளவர்கள் ஏற்றிவிடுகிற அசிங்கங்கள், வெட்டுக்குத்துகள், சின்னப் பிள்ளைகளுக்குச் செய்கிற கொடுமைகள், எல்லாவற்றையும் இவள் பார்த்து, இது இன்ன ரகம் என்று குறித்துத் தள்ள வேண்டும். இவள் குறிப்பதை வைத்துத்தான் மற்றவர்கள் போனில் அது வராமல் மிஷின் தடுக்கும். வீட்டில் எல்லோரும் அவள் இன்னும் மாட்டுக்கும் காருக்கும் கட்டம் போடுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் அவள் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டது வெயிலுக்காக என்று அத்தா நம்பினார்.

இதைச் சனோபர் ஒரே ஒரு ஆளிடம் சொன்னாள். அந்த ஆள் கையில் ரெக்கார்டர் வைத்திருந்தாள். “ஒம் பேரு எங்கயும் வராதுடி” என்று சுகப்பிரியா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள்.

பேர் வரவும் இல்லை. வந்தது வேறு.

ஒரு யூடியூப் சேனல்காரன் சுகப்பிரியாவைக் கூப்பிட்டு, உங்கள் ஆராய்ச்சி என்ன என்று கேட்டான். அவள் தகவலின் ஆட்சி, கண்ணுக்குத் தெரியாத உழைப்பு என்று பேசப் பேச, அவன் கொட்டாவியை அடக்கினான். “ஒரு உதாரணம் சொல்லுங்களேன் மேடம்” என்றான். உடனே இவள், “திருச்சுழிப் பக்கம் ஒரு பெரிய ஊர். நிறையப் பேர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். அங்கே ஒரு பெண், நிலோபர் என்று வைத்துக்கொள்வோம்...” என்று ஆரம்பித்து, சனோபர் சொன்னதையெல்லாம் சொன்னாள். நடுவில் கண் கலங்கினாள். கேமரா முன்னால் கண் கலங்கினால் எடுபடும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அது தானாக வந்தது. சேனல்காரனுக்குக் கொட்டாவி போய்விட்டது. அந்தத் துண்டை மட்டும் தனியாக வெட்டிப் போட்டான்.

திருச்சுழிப் பக்கம், பெரிய ஊர், வளைகுடா. இதற்கு மேல் வீரசோழன் என்று பெயர்ப்பலகை வேறு வைக்க வேண்டுமா? அந்த ஊரில் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை பார்க்கிற பெண்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி பெயர் நிலோபர். அப்ரோஸ் பேகத்தின் மகள். அவள் உண்மையிலேயே மாட்டுக்கும் காருக்கும் கட்டம் போடுகிறவள். ‘வைத்துக்கொள்வோம்’ என்பதை ஊர் காதில் வாங்கவே இல்லை. இரும்புக்கடை அப்துல் வாஹித்தின் மகன், சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கிற முகம்மது அனீசுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். பெருநாள் கழித்து நிக்காஹ். வீடியோ வந்த வாரமே மாப்பிள்ளை வீட்டிலிருந்து, கொஞ்சம் தள்ளிப் போடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள். தள்ளிப் போடுவோம் என்றால் என்ன அர்த்தம் என்று அப்ரோஸ் பேகத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு” என்றாள் அவள், இப்போது குரல் இறங்கி. “நீ வந்து, அது எம் மக இல்லன்னு அவுக கிட்டச் சொல்லு. ஒன் வாயால வந்த வினை. ஒன் வாயாலயே போகட்டும்.”

“வாரேம்மா” என்றாள் சுகப்பிரியா. அதுதான் அவள் பேசிய முதல் சொல்.

போவதற்கு முன்னால் பேராசிரியர் ஜெகதீஸ்வரனுக்குப் போன் போட்டாள். அவர்தான் அவளுக்கு வழிகாட்டி. தகவல் தந்தவரின் உரிமை பற்றி அவர் எழுதிய புத்தகம் வெளிநாட்டில் எல்லாம் பாடமாக இருப்பதாகச் சொல்வார்கள். சொல்கிறவர் பெரும்பாலும் அவர்தான்.

“தகவல் தந்தவர் அடையாளத்தை எக்காரணம் கொண்டும் வெளியிடக் கூடாது, சுகப்பிரியா. அது அறம்.”

“சார், தகவலே தராத ஒரு பொண்ணு மாட்டிக்கிட்டா சார்.”

“அவர் நம்ம ஆய்வுக்குள்ள வரமாட்டார், இல்லையா?” என்றார்.

மறுநாள் சண்முகவேல் அவளை வண்டியில் வீரசோழனுக்குக் கூட்டிப் போனார். வழியெல்லாம் சீமைக்கருவேலம், காய்ந்த கண்மாய், அறுப்பு முடிந்து ஆடு மேய்கிற தாள்காடு. பின்னால் உட்கார்ந்திருந்த சுகப்பிரியாவுக்கு ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. எத்தனையோ பெயர் இருக்க, நிலோபர் எங்கிருந்து வந்தது? தன் மண்டையிலிருந்து வந்ததாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது சனோபரின் குரல் அப்படியே காதில் கேட்டது. “இந்த வேலையே எனக்கு நிலோபர்தான் காட்டிக் குடுத்தா. நல்ல புள்ள அவ.” ரெக்கார்டரில் கேட்டு, எழுதி, மறுபடி கேட்டு, அந்தப் பெயர் இவள் நாக்கிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தது. கேமரா முன்னால் அவசரத்துக்கு அதுதான் கைக்கு வந்தது.

அப்துல் வாஹித் மரியாதை தெரிந்தவர். “வாங்க அண்ணாச்சி” என்று சண்முகவேலை நாற்காலியில் உட்காரவைத்து, டீ சொன்னார். அப்ரோஸ் பேகம் வாசலோடு நின்றுகொண்டாள். சுகப்பிரியா தன் பாடத்தை ஒப்பித்தாள். பெயர் கற்பனைப் பெயர். ஆய்வில் வருகிற பெண் நிலோபர் அல்ல. நிலோபரிடம் தான் பேசியதே இல்லை.

அவர் முழுக்கக் கேட்டார். டீயைக் குடித்து முடித்தார்.

“சரி தாயி. அப்ப அது யாரு?”

“அதச் சொல்லக் கூடாதுங்க மாமா.”

“ஆளு இருக்கு. ஆனா சொல்லக் கூடாது.”

“ஆமா.”

“எங்க ஊருப் புள்ளதான்.”

அவள் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருந்ததே பேசியதாகப் போயிற்று.

“இங்க பாரு தாயி, நான் படிக்காதவன். இருந்தாலும் ஒண்ணு கேக்குறேன். வேற புள்ளயக் காப்பாத்தணும்னா, இல்லாத பேரா வைக்கலாம்ல? இந்த ஊருல இருக்குற பேர எதுக்கு வச்ச? இவ பேர வச்சுட்டு, இவ இல்லன்னா, ஊரு நம்புமா? அப்ரோஸு வந்து அழுதுச்சு, பாவம் பாத்து இந்தப் புள்ள வந்து சொல்லுதுன்னுதான் பேசுவாக.” அவர் வாசலைப் பார்க்காமல் சொன்னார். “நான்கூட நம்புறேன்னு வையி. அங்க தம்மாமுல எம் மகன் ரூமுல பத்துப் பேரு. பத்துப் பேரும் அந்த வீடியோவப் பாத்துட்டு, இவன் சோத்துல கை வச்சா சிரிக்கிறானுக. அது யாருன்னு சொல்லு, பத்துப் பேரு வாயும் நிக்கும். அது ஏலாதுன்னா, டீயக் குடி, ஆறுது.”

சண்முகவேல் மகளைப் பார்த்தார். சொல்லித் தொலையேன் என்று அந்தப் பார்வை இருந்தது. அவருக்கு அறம் எல்லாம் கல்லாப் பெட்டி அளவுக்குத்தான் தெரியும். ஆனால் வாசலில் நிற்கிற ஒரு தாயைப் பார்த்தால் தெரியாமல் இருக்குமா? சுகப்பிரியா டீயைக் குடித்தாள். அது ஆறிப்போயிருந்தது.

அங்கிருந்து நேராகச் சனோபர் வீட்டுக்குப் போனாள். ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது, இந்த நேரத்தில் அங்கே போவதே காட்டிக்கொடுக்கிற மாதிரி என்று அவளுக்குத் தோன்றவில்லை. நல்லவேளை, அஸர் தொழுகைக்கு ஆண்கள் எல்லாம் பள்ளிவாசலில் இருந்தார்கள். பெண்கள் அப்ரோஸ் பேகத்தைச் சூழ்ந்துகொண்டு, அவுக என்ன சொன்னாக, நீ என்ன சொன்ன என்று பிழிந்துகொண்டிருந்தார்கள்.

சனோபர் சுவரில் முதுகு படும்படி உட்கார்ந்திருந்தாள். பின்னால் யாரும் வர முடியாத இடம். மெலிந்துபோயிருந்தாள். ஜமுக்காளம் தொங்கிய அறையில் லேப்டாப் வெளிச்சம் மட்டும் அவள் முகத்தில் நீலமாக அடித்தது. இவளைக் கண்டதும் திரையை மூடினாள்.

“நிலோபரு கல்யாணம் நின்னுரும்டி” என்றாள் சுகப்பிரியா.

“தெரியும்.”

“நீ சம்மதிச்சா நான் வாஹித் மாமாகிட்ட மட்டும் சொல்றேன். அவரு வெளிய சொல்ல மாட்டாரு.”

சனோபர் சிரித்தாள். “எங்கிட்டயும் அப்பிடித்தான சொன்ன. ஆராய்ச்சிக்கு மட்டும்தான்டி, வெளிய போகாதுன்னு.”

“பேரு வெளிய போகலைல?”

“போகல. நீ குடுத்த வாக்கக் காப்பாத்திட்ட. சந்தோசம்.” ஜமுக்காளத்தின் ஓரத்தை இழுத்து ஆணியில் மாட்டினாள். “அவ பேரு வராதுன்னு நீ யாருக்கும் வாக்குக் குடுக்கல. அதான் அது வந்துருச்சு.”

“அவ ஒன் ஃபிரண்டுடி.”

“நீயுந்தான் எம் ஃபிரண்டு.” அடுத்த அறையில் அப்துல் கரீம் இருமினார். அது அடங்கும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் பேசினாள். “நான் பாக்குறதெல்லாம் பாத்துட்டு எனக்குத் தூக்கம் போச்சு. கறி எடுத்தா வாடை தாங்கல. அத்தாவோட முகத்தப் பாத்துச் சாப்புட முடியல. இதுல நான் யாருன்னும் வெளிய தெரிஞ்சா அந்த மனுசன் அன்னிக்கே போயிருவாரு. நிலோபரு கல்யாணந்தான் நிக்கும். எங்க வீட்டுல மூச்சே நின்னுரும். நீயே சொல்லு, எத எந்தப் பக்கம் தள்ளட்டும்? நாள் பூரா அதத்தான பண்றேன்.”

அந்த நேரத்திலும், இந்த வாக்கியத்தை ரெக்கார்ட் செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று சுகப்பிரியாவின் மனதில் ஒரு மூலையில் ஓடியது. ஓடியது என்று தெரிந்ததும் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“வேணாம்னு சொல்றேன்” என்றாள் சனோபர். “எங்கிட்ட இருந்து எடுத்தத எப்ப வேணும்னாலும் திருப்பிக் கேக்கலாம்னு சொன்னேல்ல, கேக்குறேன். குடு.”

“அது... வீடியோ எல்லாரு போன்லயும் இருக்குடி.”

“அப்ப பேசாமப் போ.”

பஸ் நிறுத்தத்தில் சண்முகவேல் வண்டியோடு காத்திருந்தார். அவருக்குக் கொஞ்சம் தள்ளி, துப்பட்டாவை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றாள். சுகப்பிரியா அவளைப் பார்த்ததில்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது.

“நீங்கதான் சுகப்பிரியாவா?” என்றாள் அவள். “எம் பேரு நல்லாருக்குன்னு வச்சீகளோ?”

“மன்னிச்சுரு நிலோபர். நான் வேணும்னு...”

“வேணும்னு யாரு பண்ணுவா. பெரிய படிப்பு படிக்கிறவுக.” கேலியாகத்தான் சொன்னாள்; குரலில் உப்புச்சப்பே இல்லை. “இப்ப எங்கிட்டு இருந்து வாரீகன்னு எனக்குத் தெரியும்.”

சுகப்பிரியா திடுக்கிட்டாள்.

“பயப்படாதீக. மூணு பேருல ஒருத்தி நானு. இன்னொருத்தி வெறும் குரல் பதிவுதான் பண்றா, விடிஞ்சதுலருந்து தெருவுக்கே கேக்கும். மிச்சம் யாருன்னு கணக்குப் போட எனக்கு டாக்டர் பட்டம் வேணுமா? அவ ஜன்னல மூடுன அன்னிக்கே எனக்குச் சந்தேகம்.”

“அப்ப நீ ஏன் சொல்லல?”

“சொன்னா என்ன ஆகும்? அவளும் போவா. எனக்கும் திரும்பி வராது. தப்பிக்கிறதுக்கு ஃபிரண்டு மேல பழி போட்டான்னு அதையும் எந் தலையில கட்டுவாக.” அவள் சாலையைப் பார்த்தாள். “எங்கம்மாதான் நம்பிக்கிட்டு இருந்துச்சு, நீங்க வந்து சொன்னா எல்லாம் சரியாப் போகும்னு. நேத்து ராத்திரியெல்லாம் சந்தோசமா இருந்துச்சு. அந்த ஆசையக் குடுத்தீகளே, அத மட்டும் நீங்க பண்ணியிருக்க வேணாம்.”

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல யாரையும் தேட வேண்டியதில்லை. பரளச்சி உரக்கடையில் உட்கார்ந்தாலே போதும். சுகப்பிரியா சேனல்காரனிடம் கெஞ்சி அந்தத் துண்டை எடுக்கவைத்தாள். அவன் எடுத்த பிறகுதான் அது அதிகமாகச் சுற்றியது. எடுத்துவிட்டார்கள் என்றால் அதில் உண்மை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஆராய்ச்சிப் புத்தகத்தில் சனோபர் சொன்ன பகுதியை முழுக்க அடித்துவிட்டாள். ஜெகதீஸ்வரன் வருத்தப்பட்டார். அந்த அத்தியாயத்தில் உயிர் இல்லை என்றார். இருந்தாலும் பட்டம் கிடைத்தது.

பெருநாள் கழிந்தது. நிலோபர் நிக்காஹ் நடக்கவில்லை. அப்துல் வாஹித் மகனை அதிக நாள் தனியாக விட்டுவைக்க விரும்பவில்லை. உள்ளூரிலேயே, வீடு உண்டு தான் உண்டு என்று இருக்கிற, வாய் திறந்து பேசாத, அத்தாவைக் கைத்தாங்கலாகப் பார்த்துக்கொள்கிற ஒரு பெண்ணைக் கேட்டு அனுப்பினார். ஊரில் எல்லோரும், இதைவிடப் பொருத்தமான பெண் கிடைக்குமா என்றார்கள். முகம்மது அனீசுக்கும் சனோபருக்கும் தை மாதம் நிக்காஹ் நடந்தது. பொன்னுத்தாய்க்கும் அழைப்பு வந்தது. தாயும் மகளும் போனார்கள். பிரியாணி பிரமாதம் என்று பொன்னுத்தாய் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். மணப்பெண் கறியைத் தொடவே இல்லை என்பதைக் கவனித்தவள் சுகப்பிரியா மட்டும்தான். வெட்கம் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

சனோபர் இப்போது தம்மாமில் இருக்கிறாள். லேப்டாப்பைத் தொடுவதில்லையாம். அப்துல் கரீம் அவள் போன மறு வருஷம் மவுத்தானார். அடக்கத்துக்கு மகளால் வர முடியவில்லை.

சுகப்பிரியாவை அருப்புக்கோட்டை நூல் வியாபாரி மகன் அருண்பாண்டியனுக்குக் கொடுத்தார்கள். பெங்களூரில் குடியிருக்கிறார்கள். ஒரு கல்லூரியில் தகவல் உரிமை பற்றிப் பாடம் எடுக்கிறாள். உதாரணம் கேட்டால் சொல்வதில்லை என்று மாணவர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்களாம்.

நிலோபருக்கு அப்புறம் இரண்டு இடம் வந்து, விசாரித்துவிட்டு, வந்த வழியே போனது. அவள் சென்னைக்குப் போய் ஒரு பெரிய கம்பெனியில் சேர்ந்தாள். சனோபர் செய்துகொண்டிருந்த அதே வேலை. ராத்திரி ஷிப்டில், வரிசையாகப் போட்ட மேஜையில். ஏன்டி இதுக்குப் போன என்று அம்மா அழுதபோது, “செஞ்ச பேரு எப்பிடியும் வந்துருச்சு, செஞ்சுட்டா என்ன” என்றாளாம். அப்ரோஸ் பேகம் கொஞ்ச நாள் வீரசோழனில் தனியாக இருந்து பார்த்தாள். பிறகு வீட்டை ஒத்திக்கு விட்டுவிட்டு மகளோடு போய்விட்டாள். பல்லாவரத்துப் பக்கம் மூன்றாவது மாடியில் குடியிருப்பதாகக் கேள்வி. பகலெல்லாம் மகள் தூங்குவாள் என்பதால், அவள் மிக்சிகூடப் போடாமல், கதவைச் சாத்திக்கொண்டு சத்தமில்லாமல் சமைக்கிறாளாம்.